சித்தி என்று கூப்பிட்ட ஞாயிறுகள்

போன மாதம் எங்கள் ஆபீஸ் சீனியர் ஒருவரின் மகளுக்குப் பிறந்தநாள். ஹோட்டலில் செலவழிக்கிற காசில் நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு குழந்தைகள் இல்லத்தில் மதியச் சாப்பாடு போடலாம் என்று முடிவு செய்தார். நல்ல மனுஷன். நாங்களும் தலைக்கு 500 ரூபாய் போட்டோம். சிக்கன் பிரியாணி, அவித்த முட்டை, கடைசியில் ஆளுக்கொரு கப் ஐஸ்கிரீம். பிள்ளைகள் இரண்டு வரிசையாகச் சம்மணமிட்டு, இலையில் கை வைக்காமல் காத்திருந்தார்கள். ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் எழுந்து பாட்டுப் பாடி, பிறந்தநாள் பிள்ளைக்கு வாழ்த்துச் சொன்னான். சீனியரின் மனைவி அவனைப் பக்கத்தில் அழைத்து, "அப்பா அம்மா இருக்காங்களா கண்ணா?" என்று கேட்டார். யாரும் கேட்கக் கூடாத கேள்வி. அந்த மாதிரி இடங்களில் எல்லாரும் கேட்கிற கேள்வியும் அதுதான். பையன் கதவோரம் நின்றிருந்த வார்டனை ஒரு தடவை பார்த்தான். அரை விநாடிகூட இருக்காது. அப்புறம், "இல்ல ஆன்ட்டி" என்றான்.

அந்த இல்லத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பையனுக்கு நிஜமாகவே யாரும் இல்லாமல் இருக்கலாம், வெறுமனே கூச்சப்பட்டிருக்கலாம். ஆனால் அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. நான் அதை ஒன்பது வருஷம் பார்த்திருக்கிறேன், அதாவது, அப்படிப் பார்க்கிறவனாக இருந்திருக்கிறேன். பிரியாணியை முழுவதும் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொண்டையில் சிக்கவெல்லாம் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் தூக்கம் வரவில்லை.

எங்கள் ஊரில் இதை யாரும் அனாதை இல்லம் என்று சொல்ல மாட்டார்கள். 'போர்டிங்' என்பார்கள். "அவன் போர்டிங்ல நின்னு படிக்கான்" என்றால் அதில் இழிவு ஒன்றும் இல்லை. 1820களிலேயே நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளைத் தங்கவைத்து எழுத்தும் லேஸ் பின்னலும் சொல்லிக்கொடுத்த மாவட்டம் இது. போர்டிங்கில் நின்று படித்து வாத்தியாராகவும் டாக்டராகவும் ஆனவர்கள் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள். அதனால்தான் 2005 ஜூனில் அம்மா என்னைக் கல்குளம் தாலுகாவிலிருந்த அந்த வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டபோது, அக்கம்பக்கத்தில் எல்லாரும் அவளுக்கு நல்ல வழி பிறந்துவிட்டது என்றுதான் சொன்னார்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. களியல் பக்கம், மலையடிவாரத்தில், ரப்பர் மரங்களுக்கு நடுவே எங்கள் வீடு. அப்பா கேரளத்துக்குக் கொத்தனார் வேலைக்குப் போனவர். முதல் வருஷம் காசு வந்தது, இரண்டாம் வருஷம் கடிதம் வந்தது, அப்புறம் எதுவும் வரவில்லை. அம்மா அண்டி ஆபீஸில் வேலை பார்த்தாள். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: அண்டி ஆபீஸ் என்றால் முந்திரித் தொழிற்சாலை. வறுத்த அண்டியைத் தட்டி உடைக்கும்போது தோட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலை அரித்துவிடும். சாம்பல் பூசிக்கொண்டுதான் உடைப்பார்கள். அப்படியும் விரல்நுனிகள் கறுத்து, வெடித்து, உரிந்து, கடைசியில் ரேகையே இல்லாமல் வழவழவென்று ஆகிவிடும். அம்மா என் கன்னத்தைத் தடவும்போது அந்த விரல் ஒரு பக்கம் சொரசொரப்பாகவும் நுனியில் மட்டும் கண்ணாடி மாதிரியும் இருக்கும்.

அந்த விரல்நுனி இந்தக் கதையில் திரும்ப வரும்.

பெரியப்பா

இல்லத்தை நடத்தியவரை நாங்கள் பெரியப்பா என்று கூப்பிட வேண்டும், அவர் மனைவியைப் பெரியம்மா என்று. கெட்டவர்களைப் பற்றி எழுதுவது எளிது, எனக்கு அந்த வசதி இல்லை. காலையில் கஞ்சியும் பயறும், ராத்திரி சோறும் சாளைக் குழம்பும், ஞாயிற்றுக்கிழமை இறைச்சி. வீட்டில் மரச்சீனிக்கிழங்கைத் தின்று வளர்ந்தவனுக்கு அது கல்யாண வீடு. யாரும் எங்களை அடித்ததில்லை. எனக்கு ஆறாம் வகுப்பில் காய்ச்சல் கண்டு பிதற்ற ஆரம்பித்தபோது, கொட்டுகிற மழையில், வண்டி கிடைக்காமல், பெரியப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு மெயின் ரோடு வரை நடந்தார். அவர் சட்டையின் சோப்பு வாசனை இன்னும் நினைவிருக்கிறது. ஆஸ்பத்திரியில் மூன்று ராத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

இதையெல்லாம் நான் யாரிடமாவது சொல்லும்போது அவர்கள் மெல்ல, குரலைத் தாழ்த்தி, "வேற மாதிரி ஏதாவது…?" என்று கேட்பார்கள். இல்லை என்பேன். "அப்போ பரவால்ல" என்று அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதிதான் என்னை இவ்வளவு வருஷமாக அரித்துக்கொண்டிருக்கிறது. இல்லம் என்றால் ஒன்று கோயில், இல்லாவிட்டால் கசாப்புக்கடை என்று நினைத்துக்கொள்கிறோம். அங்கே நடந்தது இரண்டிலும் சேராது.

ஒரே ஒரு விதி விநோதமாக இருந்தது. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு வீட்டிலிருந்து ஆள் வந்து பார்க்கலாம். அம்மா இரண்டு பஸ் மாறி, ஒரு பொதி உப்பேரியும் உடைசல் அண்டிப்பருப்பும் கொண்டு வருவாள். ஆனால் கேட்டுக்கு உள்ளே வந்தால் நான் அவளைச் 'சித்தி' என்றுதான் கூப்பிட வேண்டும். பெரியம்மா சிரித்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தார். இங்கே அம்மா இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள் அல்லவா, அவர்கள் மனசு சங்கடப்படும், அதனால் எல்லாருக்கும் சித்திதான், மாமாதான். எவ்வளவு அழகான காரணம்! எனக்கு நியாயமாகவே பட்டது. என் பக்கத்துப் பாயில் படுத்திருந்தவனுக்கு உண்மையிலேயே அம்மா இல்லை. அவன் முன்னால் அம்மா என்று கூப்பிட எனக்கே கூச்சமாக இருந்தது. முதலில் நாக்கு தடுக்கியது. ஒரு வருஷத்தில் பழகிவிட்டது. லீவுக்கு வீட்டுக்குப் போனபோதும் ஒரு தடவை, "சித்தி, தண்ணி" என்றேன். அம்மா திரும்பிப் பார்க்காமல் தண்ணீர் எடுத்து வைத்தாள்.

பக்கத்துப் பாய்க்காரனை எல்லாரும் அவனுடைய கடலோர ஊரின் பெயரால் 'குளச்சல்' என்று கூப்பிடுவோம். என்னைவிட ஒரு வயது மூத்தவன். 2004 டிசம்பர் 26 ஞாயிறு. காலையில் பூசை முடிந்து பையன்களோடு பந்து விளையாடிக்கொண்டிருந்தவன். கடல் வருகிறது என்று சத்தம் கேட்டு எல்லாரும் ஓடியபோது அவன் அம்மாவும் ஓடி வந்திருக்கிறாள். பாதி வழியில், தங்கச்சியின் செருப்பை விட்டுவிட்டோம் என்று திரும்பிப் போனாள். புதுச் செருப்பு, கிறிஸ்துமஸுக்கு வாங்கியது. இதை அவன் என்னிடம் ஒரே ஒரு ராத்திரி, பவர்கட் இருட்டில், மேலே பார்த்துப் படுத்தபடி சொன்னான். அப்பாவும் போயிருந்தார். இரண்டு பேரையும் இழந்த பிள்ளைகளின் பேரில் அரசாங்கம் அப்போது 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை போட்டது. அந்தப் பாஸ்புத்தகத்தை அவன் ஆச்சி ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்துப் பூட்டியிருந்தாள். அவனைப் படிக்கவைக்க மட்டும் அவளால் முடியவில்லை, வயசாகிவிட்டது.

தொட்டிப்பாலம்

என் சின்ன வயதில் மிகச் சந்தோஷமான நாள் எது என்று கேட்டால் 2010-இல் மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் போன நாளைத்தான் சொல்வேன். முதல் நாள் ராத்திரி திடீரென்று பெரியப்பா வந்து, "நாளைக்கு ஸ்கூல் கிடையாது, டூர் போறோம்" என்றார். விடியுமுன்னே இரண்டு வேன். எல்லாரும் போகவில்லை, பாதிப் பேர்தான். அதிர்ஷ்டசாலிகளில் நானும் ஒருவன். மணிப்பூரிலிருந்து வந்திருந்த நான்கு பையன்கள் முன் சீட்டில் இருந்தார்கள். அவர்கள் பேசுவது எங்களுக்குப் புரியாது, நாங்கள் பேசுவது அவர்களுக்குப் புரியாது. பந்து விளையாடும்போது மட்டும் எல்லாம் புரியும். 115 அடி உயரப் பாலத்தில், பக்கத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டே வர, கீழே பரளியாற்றைப் பார்த்துக்கொண்டு நடந்தோம். திற்பரப்பு அருவியில் குளித்தோம். பழம்பொரி ஆளுக்கு இரண்டு. திரும்பி வரும்போது ஒரு மணிப்பூர்ப் பையன் என் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டான். இருட்டிய பிறகுதான் வேன் கேட்டுக்குள் நுழைந்தது.

அடுத்த வாரம் அந்த நாலு பேரும் இல்லை. ஊருக்குப் போய்விட்டார்கள் என்றார்கள்.

அன்றைக்கு அதிகாரிகள் ஆய்வுக்கு வந்திருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. வடகிழக்கிலிருந்து குழந்தைகளைக் கூட்டிவந்து இங்குள்ள இல்லங்களில் வைப்பது பற்றி அந்த வருஷம் பெரிய பேச்சு. 2010 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே, மணிப்பூரிலிருந்தும் அசாமிலிருந்தும் 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் படிப்புக்காக வெளிமாநிலம் அனுப்பக் கூடாது என்று உத்தரவு போட்டது. அந்த உத்தரவு பிறந்த வழக்கே தமிழ்நாட்டு அனாதை இல்லங்களைப் பற்றி 2007-இல் தொடங்கியதுதான். எங்கள் இல்லத்தில் பதிவேட்டில் இருந்த பிள்ளைகள் ஒரு கணக்கு, சோற்றுப் பந்தியில் இருந்தவர்கள் வேறொரு கணக்கு. கணக்கில் வராதவர்கள்தான் அதிர்ஷ்டசாலிகள், தொட்டிப்பாலம் பார்த்தவர்கள்.

இது தெரிந்த பிறகும் அந்த நாளின் சந்தோஷம் குறையவில்லை என்பதுதான் எரிச்சல். நினைத்தால் இன்றைக்கும் முதலில் பழம்பொரிதான் ஞாபகம் வருகிறது, வேன் எதற்கு வந்தது என்பது அப்புறம்தான்.

இடது கை

பத்தாம் வகுப்பில் எனக்கு ஆபீஸ் அறையில் வேலை கிடைத்தது. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று பெரியப்பாவே தேர்ந்தெடுத்தார். வெளிநாட்டு ஸ்பான்சர்களுக்கு வருஷத்தில் மூன்று தடவை நன்றிக் கடிதம் போக வேண்டும். ஆங்கிலத்தில் ஆறு மாதிரிக் கடிதங்கள் இருந்தன. பெயரையும் வகுப்பையும் மாற்றி எழுதினால் போதும். பெரிய பிள்ளைகளின் கடிதத்தை வலது கையாலும், சின்னப் பிள்ளைகளின் கடிதத்தை இடது கையாலும் எழுதச் சொன்னார். இடது கையால் எழுதினால் எழுத்து தள்ளாடி, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியது மாதிரியே இருக்கும். ஒரு கடிதத்தின் ஓரத்தில் நானாகவே ஒரு பூ வரைந்தேன். "கெட்டிக்காரன்!" என்று முதுகில் தட்டினார். உச்சி குளிர்ந்துவிட்டது எனக்கு.

2011 நவம்பரில் ஒரு மாலை, யாருக்கு எந்த வகுப்பு என்று சரிபார்க்கப் பச்சை அலமாரியைத் திறந்து கோப்புகளை எடுத்தேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோப்பு. என் கோப்பின் முதல் பக்கத்தில் ஒன்பது வயதுப் படம், கண்ணை அகல விழித்துக்கொண்டு. கீழே ஒரு பத்தி. பத்தாம் வகுப்பு ஆங்கிலத்துக்கு அது புரியாமல் போக வழியில்லை. கடலோரக் கிராமத்தில் பிறந்தவன். சுனாமியில் பெற்றோர் இருவரையும் இழந்தவன். அம்மா தங்கச்சியின் செருப்பை எடுக்கத் திரும்பிப் போனதைத் தன் கண்ணால் பார்த்தவன்.

எனக்குத் தங்கச்சி கிடையாது. களியல்காரனான நான் கடலையே முதல்முதலாகப் பார்த்தது இந்த இல்லத்துக்கு வந்த பிறகுதான்.

அடுத்த கோப்பை எடுத்தேன். அதிலும் செருப்பு. அதற்கடுத்ததில் செருப்பு இல்லை, பொம்மை. அப்புறம் மறுபடியும் செருப்பு. பதினொரு கோப்புகளில் அந்தச் செருப்பு இருந்தது. சில பிள்ளைகளின் கோப்பில் ஒரே படத்துக்கு வேறு வேறு பெயரில் மூன்று தாள்கள், மூன்று நாட்டு விலாசங்கள். என் கோப்பின் கடைசியில் ஒரு 20 ரூபாய் பத்திரம் தைக்கப்பட்டிருந்தது. பிள்ளையின் தாயும் தகப்பனும் இறந்துவிட்டதால், தாயின் தங்கையாகிய நான் இந்தக் குழந்தையை இல்லத்தின் பொறுப்பில் மனமார ஒப்படைக்கிறேன் என்று தமிழில் எழுதியிருந்தது. கீழே வேறு யாரோ ஒரு பெண்ணின் பெயர். பெயருக்கு மேல் கைநாட்டு. நீல மைத் திட்டு, அதில் ஒரு ரேகைகூட இல்லை. வழவழவென்று, கண்ணாடி மாதிரி.

அம்மா மூன்றாம் வகுப்பு வரை படித்தவள், கையெழுத்துப் போடுவாள். போட்டால் சொந்தப் பெயர் அல்லவா விழும்?

அன்று ராத்திரி குளச்சலிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். என் அம்மா உயிரோடிருக்க அவளைச் செத்தவள் ஆக்கிவிட்டார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. அவன் அதைக் காதிலேயே வாங்கவில்லை. எழுந்து உட்கார்ந்தான். "செருப்பா? செருப்புன்னா எழுதியிருக்கு?" என்று இரண்டு தடவை கேட்டான். அந்தச் செருப்பை என்னைத் தவிரப் பெரியப்பாவிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறான், வந்த புதிதில், அவர் மடியில் படுத்து அழுதபோது. வெகுநேரம் கழித்துக் கேட்டான்: "எனக்க அம்மைய எத்தன பேருக்குக் குடுத்திருக்கானுவ?"

பதினொன்று என்று சொன்னேன்.

புளியமரத்தடி

அந்த மாத இரண்டாம் ஞாயிறு அம்மா வந்தாள். கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் நிறுத்தி, பத்திரத்தைப் பார்த்தேன் என்றேன். அவள் ஏமாந்திருப்பாள், என்னமோ சொல்லிக் கைநாட்டு வாங்கியிருப்பார்கள், இப்போது தெரிந்தால் கத்துவாள், என்னைக் கையோடு கூட்டிப்போவாள் என்று நான் நினைத்திருந்தேன். அம்மா உப்பேரிப் பொதியின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே, "நாந்தான் வச்சது. தெரிஞ்சுதான் வச்சேன்" என்றாள்.

"நீ செத்துட்டேன்னு எழுதியிருக்கும்மா."

"ஆமா. வாசிச்சுத்தான் காட்டினாவ. ஒனக்க வயிறு நெறையணும், நீ படிக்கணும். நான் பேப்பர்ல செத்தா என்ன, கெட்டா என்ன?" கொஞ்ச நேரம் கழித்து, "சித்தின்னு விளிப்பேன்னு மட்டும் அப்பம் சொல்லேல்ல மக்ளே" என்றாள். அவ்வளவுதான். பரீட்சை முடியும்வரை வாயைத் திறக்காதே, பன்னிரண்டாம் வகுப்பு வரை இங்கேதான் நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று போய்விட்டாள்.

எத்தனையோ தடவை இதை யோசித்துவிட்டேன். அவளைப் பெரியப்பா மிரட்டவில்லை. ஒரு பக்கம் பசி, ஒரு பக்கம் பத்திரம், நடுவில் ஒரு மைப்பெட்டி. அவளாகவே விரலை நீட்டினாள். இதை 'சம்மதம்' என்று எழுதிக்கொள்ள முடிந்தது என்பதுதான் அந்த இல்லத்தின் சாமர்த்தியம்.

அந்த வாரமே, பள்ளிக்கூட வாசலில் இருந்த காயின் பாக்ஸிலிருந்து, குழந்தைகளுக்கான உதவி எண்ணான 1098-க்குக் குளச்சல் போன் செய்தான். அதற்குக் காசு போட வேண்டாம் என்று நோட்டீஸில் படித்திருந்தான். என்னிடம் சொல்லாமல்தான் செய்தான்.

பத்து நாளில் ஆட்கள் வந்தார்கள். இந்தத் தடவை முன்கூட்டித் தகவல் இல்லை, வேனும் இல்லை. குழந்தைகள் நலக் குழுவிலிருந்து வந்த ஒரு அம்மா, ஜெபக் கூடத்தின் மூலையில் நாற்காலி போட்டு, ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுப் பேசினார். பருத்திச் சேலை, மடியில் ஒரு நோட்டு, குடிக்காமல் ஆறிப்போன காப்பி. பெரியப்பாவை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார். அவர் வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜன்னல் வழியே அவர் தோள் மட்டும் தெரிந்தது. என்னைத் தூக்கிக்கொண்டு மழையில் நடந்த தோள்.

எனக்கு முன்னால் குளச்சல் போயிருந்தான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். கோப்பு இருக்கிறது என்றும், அதைப் படித்தவன் நான் என்றும் சொல்லியிருக்கிறான். பச்சை அலமாரியில் அன்றைக்கு ஒரு தாளும் இல்லை. ஆகவே அவன் சொன்னதற்கு மிச்சமிருந்த ஒரே சாட்சி நான். அந்த அம்மா அவசரப்படாமல், என் முகத்தைப் பார்த்து, "பயப்படாம சொல்லுப்பா. உனக்கு அம்மா இருக்காங்களா?" என்று கேட்டார்.

நான் ஜன்னலைப் பார்த்தேன். அரை விநாடி. அந்த நேரத்தில் என்ன நினைத்தேன் என்று இப்போது பெரிதாகக் கதை கட்டலாம். உண்மையில் அண்டி ஆபீஸ்தான் ஞாபகம் வந்தது. இந்த இடத்தை மூடினால் நான் களியலுக்குப் போக வேண்டும், மார்ச்சில் பரீட்சை, அப்புறம் ரப்பர் பால்வெட்டோ கொத்து வேலையோ. இதைவிடக் கேவலமான ஒன்றும் மனசில் ஓடியது: பெரியப்பாவுக்கு என் மேல் இருக்கும் நல்ல பெயர் போய்விடும்.

"இல்ல மேடம்" என்றேன். "சித்தி மட்டும் உண்டு."

அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. அம்மா விரலை நீட்டியபோது அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை. எனக்கு எதிரே ஒரு மனுஷி நாற்காலி போட்டு, நேரம் கொடுத்து, பயப்படாதே என்று சொல்லி உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பின் போன பிள்ளைகளும் அதையேதான் சொன்னார்கள் என்று கேள்விப்பட்டேன். நாற்பது பேர் ஒரே குரலில் பேச, ஒருவன் மட்டும் வேறாகப் பேசினால், அவன் ஏதோ கோபத்தில் பேசுகிறான் என்றுதானே ஆகும்? அதிலும், அத்தனை பேரில் நிஜமாகவே அனாதையாக இருந்தவன் அவன் ஒருவன்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ராத்திரி அவன் வழக்கம்போல என் பக்கத்துப் பாயில் வந்து படுத்தான். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீயும் செருப்ப எடுக்கப் போயிட்டியல்லா" என்று மட்டும் சொன்னான். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. அடுத்த சனிக்கிழமை அவன் ஆச்சி வந்து கூட்டிப்போனாள்.

கட்டம் இல்லாத படிவம்

நான் அங்கே நின்றே பன்னிரண்டாம் வகுப்பு முடித்தேன், பி.காம். படித்தேன். இப்போது ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை. விதியின் குசும்பைப் பாருங்கள், அறக்கட்டளைக் கணக்குகள்தான் என் மேஜைக்கு வரும். நன்கொடையாளர்களின் வரிச்சலுகைக்கான 80ஜி ரசீது, வெளிநாட்டு நன்கொடைக்கான எஃப்சி-4 படிவம் எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது, எந்த வங்கி என்று எல்லாவற்றுக்கும் அதில் கட்டம் உண்டு. பிள்ளையின் அம்மா உயிரோடு இருக்கிறாளா என்பதற்குக் கட்டம் கிடையாது.

சட்டத்தைத் தேடிப் படித்தேன். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, பதிவு செய்யாமல் இல்லம் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். 2007-இல் தொடங்கிய அந்த வழக்கில் 2017 மே 5 அன்று நீதிபதிகள் மதன் பி. லோக்கூரும் தீபக் குப்தாவும் தீர்ப்புச் சொன்னார்கள். எல்லா இல்லங்களையும் அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவு செய்யுங்கள் என்றார்கள். எங்கள் இல்லம் அதற்கு முன்பே சத்தமில்லாமல் மூடியாகிவிட்டது. பெரியப்பாவும் இறந்துவிட்டார். நான் சாவுக்குப் போனேன், அழுதேன்.

ஆனால் சட்டத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு வரி. 'அனாதை' என்பதற்கு அங்கே தரும் விளக்கத்தில், பெற்றோர் இல்லாத குழந்தை மட்டுமல்ல, சட்டப்படியான பாதுகாவலருக்குக் கவனித்துக்கொள்ள மனமில்லாத, அல்லது இயலாத குழந்தையும் அடங்கும். இயலாத! அப்படியென்றால் அம்மாவைக் கொல்லாமலேயே ஒருவேளை என்னைச் சேர்த்திருக்கலாம். 'தாய் இருக்கிறாள், சோறு போட வழியில்லை' என்று எழுதியிருந்தால் பொய்யே தேவைப்பட்டிருக்காது. ஏன் எழுதவில்லை? உயிரோடிருக்கிற ஏழை அம்மாவுக்கு யாரும் கடல் தாண்டிப் பணம் அனுப்புவதில்லை. செருப்பெடுக்கப் போய்ச் செத்த அம்மாவுக்கு அனுப்புகிறார்கள். உலகம் முழுக்க இதே கதைதான். 2009-இல் 'சேவ் தி சில்ட்ரன்' அமைப்பு வெளியிட்ட அறிக்கை, இல்லங்களில் உள்ள குழந்தைகளில் ஐந்தில் நான்கு பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள் என்றது. 'காகித அனாதைகள்' என்று இவர்களுக்குப் பெயரே வைத்தாகிவிட்டது.

இப்போது மிஷன் வாத்சல்யா என்று ஒரு திட்டம் இருக்கிறது. கணவன் இறந்த, அல்லது கைவிட்டுப்போன பெண்களின் பிள்ளைகளுக்கு, வீட்டிலேயே வைத்து வளர்க்க மாதம் 4,000 ரூபாய். எல்லாருக்கும் கிடைத்துவிடாது, நடை நிறைய நடக்க வேண்டும். இருந்தாலும் 2005-இல் அதில் நாலில் ஒரு பங்கு கிடைத்திருந்தாலே அம்மா அந்த மைப்பெட்டியைத் தொட்டிருக்க மாட்டாள். இதைச் சொன்னபோது என் நண்பன் ஒருவன், "அப்போ நீ பி.காம். படிச்சிருப்பியா?" என்று கேட்டான். படித்திருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். என்னிடம் அதற்குப் பதில் இல்லை.

ஒக்கிப் புயல் அடித்த பிறகு, 2017 டிசம்பரில், காணாமல் போன மீனவர்களின் பெயர்ப் பட்டியல் வெளிவரும்போதெல்லாம் குளச்சலின் பெயரைத் தேடிக்கொண்டிருந்தேன். இல்லை. வளைகுடாப் பக்கம் ஏதோ ஒரு படகில் இருக்கிறான் என்று பிறகு தெரிந்தது. நம்பரும் கிடைத்தது. சேமித்து வைத்திருக்கிறேன். வாட்ஸப்பில் அவன் படம் தெரிகிறது, மடியில் ஒரு பெண்குழந்தை. இன்னும் ஒரு வரி அனுப்பவில்லை.

பிறந்தநாள் விருந்துக்கு இரண்டு நாள் கழித்து, ஆபீஸில் இருக்கும்போது அம்மா போன் செய்தாள். ரேஷன் கடையில் நிற்கிறாள். மெஷினில் விரலை வைத்தால் எடுக்கவில்லை. வலது கை, இடது கை, பத்து விரலும் வைத்துப் பார்த்தாயிற்று. ஒவ்வொரு மாதமும் இதே பாடுதான், இந்த மாதம் கடைக்காரர் புதுசு. "ஆள் இல்லேன்னு காட்டுது பாட்டி" என்று அவர் சொல்வது போனில் கேட்டது. அம்மா சிரித்தாள். "நான் எப்பமே செத்தாச்சுல்லா" என்று அவரிடம் சொன்னாள். அவருக்கு என்ன புரிந்திருக்குமோ. கடைசியில் ஓடிபி அனுப்புகிறேன் என்றார். ரேஷன் கார்டில் என் நம்பர்தான் கொடுத்திருக்கிறது. என் போன் அதிர்ந்தது.

எண்களை ஒவ்வொன்றாக, நிறுத்தி, சத்தமாகச் சொன்னேன். பக்கத்து மேஜையில் இருந்த சீனியர் யார் என்று கேட்டார்.

"அம்மா" என்றேன்.